ராத்தாவின் பக்கம் தள்ளிய மீன்

என் ராத்தாவுக்கு அது பட்டப் பகலில்தான் வந்தது. இரவில் வந்திருந்தால்கூட நாங்கள் இவ்வளவு பயந்திருக்க மாட்டோம். இருட்டில் வருகிற எதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. விளக்கை ஏற்றலாம், கதவைப் பூட்டலாம், விடியும்வரை ஓதலாம். இது பகல் இரண்டு மணிக்கு, சாப்பிட்ட கை இன்னும் மணக்கும்போது, முற்றத்தில் கோழி கிளறிக்கொண்டிருக்கும்போது வந்தது. அதுவும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி.

ராத்தா என்றால் அக்கா. எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் அழைப்போம். உக்குவளையில் ரயில் பாதைக்கு மேலே, ஒரு கொக்கோத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. கொக்கோ மரத்தடியில் நண்பகலிலும் வெயில் விழாது. வாப்பா மௌத்தான பிறகு அந்த வீட்டில் உம்மா, ராத்தா, நான் மூன்று பேர்தான். ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், தென்கரையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளார்க். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையில் என் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

ராத்தாவின் முதல் பிள்ளை வயிற்றிலேயே மௌத்தாகிவிட்டது. நாற்பது நாள் கழிந்தது, அவள் எழும்பவில்லை. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான், ஏழு மாதம் அப்படியே கிடந்தாள். மழை ஒழுகி அந்தச் சுவரில் ஒரு கறை இருந்தது. அதையே பார்ப்பாள். ஊட்டினால் விழுங்குவாள், ஊட்டாவிட்டால் கேட்கமாட்டாள். தலை வார உட்கார வைத்தால், வைத்த இடத்திலேயே பொழுது சாயும்வரை இருப்பாள். எனக்குப் பொறுமை அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. "எழும்புங்களேன் ராத்தா! உங்களுக்கு மட்டுமா புள்ள போச்சு? ஊர்ல வேற ஒருத்திக்கும் போகல்லியா?" என்று ஒருநாள் கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படிக் கேட்ட என் வாயை என்ன செய்தாலும் தகும்.

கடைசியில் மச்சான்தான் கண்டிக்குக் கொண்டுபோய் மனநோய் டொக்டர் ஒருவரிடம் காட்ட ஏற்பாடு செய்தார். டொக்டர் சிங்களவர், மெலிந்த மனிதர். என்னோடு இங்கிலீஷில் பேசினார். சிவப்பு மாத்திரை கொடுத்தார், காலையில் ஒன்று, பகல் ஒன்று. பிறகு மேசையில் இருந்த தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்து, ஒரு துண்டுக் கடதாசியில் ஏழெட்டு வரி எழுதினார். "இந்த மருந்து எடுக்கும் மட்டும் இந்தச் சாமான்கள் வாயில் படக்கூடாது. கவனம்," என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் உம்மாவுக்கு அதை நான் தமிழில் வாசித்தேன்.

"முதலாவது சீஸ்."

"அது என்னடி?"

"பால்கட்டி. தோட்டத்துத் துரைமார் பாணோட திங்கிறது."

"நம்ம வீட்ல அத யார் கண்டா? அடுத்தது சொல்லு."

"வைன், பியர்."

"அஸ்தஃபிருல்லாஹ்!" உம்மா காதைப் பொத்திக்கொண்டாள். முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்த வரிசையில் ஒன்று, உப்பில் ஊறப்போட்ட ஹெரிங். வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். வடகடலில் கிடைக்கும் ஒரு மீன் என்று இருந்தது. "சீமை மீன் உம்மா. இங்க பிடிபடாது," என்றேன். "அப்ப விடு," என்றாள் உம்மா. முழுப் பட்டியலிலும் எங்கள் அடுப்படிக்குச் சம்பந்தமானது எதுவுமே இல்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். கடதாசியைப் பசை தடவி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தேன். உடுப்பு எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

மருந்து தொடங்கி மூன்றாவது கிழமை என்று நினைக்கிறேன். பகல் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ராத்தா மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினாள். "கறிக்கு உப்புப் போதாது தங்கச்சி," என்றாள்.

ஏழு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அது. உம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள். நான் கறிச்சட்டியைத் தூக்கிக் கொட்டாத குறை. உப்புப் போத்தலையே அவள் மடியில் வைத்தேன். இரண்டு பேரும் அழுதோம். அவள் எங்களைப் பார்த்து, "என்ன, யாரும் மௌத்தா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். தானே தலை வாரினாள். கொக்கோக் காய் உடைக்கத் தோட்டத்துக்கு இறங்கினாள். பசி வந்தது, அதுவும் எப்பேர்ப்பட்ட பசி! மச்சானுக்குக் கடிதம் எழுதினேன். பௌர்ணமிப் போயாவுக்கு வருகிறேன் என்று பதில் வந்தது.

ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, நிலாவின் கணக்கில் வரும் பௌத்தப் புனித நாளான போயாவுக்கு விடுமுறை விட்ட காலம் அது. மாதத்தில் நான்கு போயா வந்தாலும், தென்கரையிலிருந்து எங்கள் ஊருக்கு ரயில் ஏறி வர பௌர்ணமிப் போயா ஒன்றுதான் மச்சானுக்குத் தோதுப்படும். முதல்நாள் பொழுதுபட உக்குவளை ஸ்டேசனில் இறங்குவார், போயாவன்று பின்னேரம் திரும்பிவிடுவார். வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார். ராத்தாவுக்கு உயிரான ஜாடி மீன் ஒரு சின்னச் சட்டியில், வாய்க்குத் துணி கட்டி, மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். பச்சை மீனை உப்பும் கொறக்காப் புளியும் போட்டு மாதக்கணக்கில் மண்பானையில் ஊறவிடுவது. கரை ஊர்களின் சாப்பாடு. துணியை அவிழ்த்தால் வீடு முழுக்க அந்த வாடை நிற்கும்.

எங்களுக்குச் சகன் சாப்பாடு. பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் கொட்டி, கறிகளை மேலே வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவோம். மச்சானுக்கு முன்னறையில் தனித் தட்டு. உம்மா, ராத்தா, நான் உள்ளே ஒரு சகனில். நல்ல துண்டு கண்ணில் பட்டால் அதை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் சகனில் மரியாதை. அவர் வந்த அந்தப் போயாவன்று ஜாடி மீனின் நடுத்துண்டுகள் எல்லாவற்றையும் நான் ராத்தாவின் பக்கம் தள்ளினேன். "தின்னுங்க ராத்தா, ஏழு மாசத்துப் பசி," என்றேன். அவள் விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டாள்.

முக்கால் மணி நேரம் போயிருக்காது. கொடியில் சீலை காயப்போட்டுக்கொண்டிருந்தவள் பிடரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினாள்.

"தங்கச்சி, பின்னால யாரு நிக்கிற?"

"யாருமில்லியே ராத்தா."

"நிக்கிறாங்க. பிடரியில அடிக்கிறாங்க."

திரும்பிப் பார்த்தேன். கொக்கோ மரங்கள்தான். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வேர்வை ஊற்றியது. கழுத்து நரம்பு துடித்த துடிப்பில் சீலைத் தலைப்பு ஆடியது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். கண்மணி பெரிதாகி, கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. உம்மா ஓதி ஊதினாள். மச்சான் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். இரண்டு மணி நேரம் கழித்து, யாரோ கையை எடுத்தது போல, விட்டுவிட்டது. மச்சான் ரயிலைப் பிடிக்க அரை மனதோடு இறங்கிப் போனார். மிச்ச மீனை இரவு உம்மாவும் நானும் தின்று முடித்தோம். எங்களுக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை.

அடுத்த பௌர்ணமியிலும் அதே நேரத்தில் அதே பிடரி வலி வந்தது, அதே கேள்வியைக் கேட்டாள். உம்மா ஓதிப் பார்க்கிற லெப்பை ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் சாம்பிராணி போட்டு, தண்ணீரில் பார்த்து, "சந்திரன் நிறையிற அன்னைக்கு வாற சாமான் இது. இங்கிலீஷ் மாத்திரைய நிப்பாட்டுங்க, அது இருக்கும் மட்டும் என் ஓதல் ஏறாது," என்றார்.

உம்மா மாத்திரை உறையை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். நான் சண்டை பிடித்தேன். "மாத்திரைய நிப்பாட்டினா ராத்தா திரும்பவும் சுவரப் பார்த்துக்கிட்டுக் கிடப்பா. லெப்பையா வந்து ஊட்டப் போறாரு?" உம்மா கேட்கவில்லை. ஒளித்த இடம் எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு நாளும் பானையில் கை விட்டு மாத்திரையை எடுத்து, அரிசித் தூசியை ஊதிவிட்டு, நானே ராத்தாவின் வாயில் போட்டேன். உறை மெலியாமல் இருக்க, கண்டியில் வாங்கிவரும் புது மாத்திரையை அதில் நிரப்பி வைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

மச்சான் செய்த ஏற்பாடு என்பதால் கண்டிக்குப் போவதை உம்மா தடுக்கவில்லை. அங்கே டொக்டரிடமாவது சொல்லியிருக்கலாம். உம்மா விடவில்லை. "யாரோ பின்னால நிக்கிறதாச் சொல்றான்னு நீ வாயத் திறந்தா, பைத்தியம் முத்திட்டுன்னு உள்ள போட்டுப் பூட்டிடுவாங்க," என்றாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. "எப்படி இருக்கிறாங்க?" என்று டொக்டர் கேட்டார். "நல்லா இருக்கிறா," என்றேன். பட்டியலை ஒழுங்காகப் பின்பற்றுகிறோமா என்றும் கேட்டார். ஒரு வரிகூடத் தவறவில்லை என்றேன்.

மூன்றாவது பௌர்ணமிக்கு முன்பு ராத்தாவே எண்ணத் தொடங்கிவிட்டாள். பொழுது சாயும்போது முற்றத்தில் நின்று நிலா எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்ப்பாள். போயாவுக்கு முதல்நாள் கையிலிருந்த இரண்டு வளையலையும் கழற்றி என் கையில் வைத்தாள். "நாளைக்கு அது வந்தா இந்தத் தடவை என்னைக் கூட்டிட்டுப் போயிரும். நீ போட்டுக்க," என்றாள். அழவில்லை. நான்தான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன். மறுநாள் பகல், அவள் பயந்து சாப்பிடாமல் இருந்துவிடுவாளோ என்று, வழக்கத்தைவிட அதிகமாகவே மீனை அவள் பக்கம் தள்ளினேன்.

வந்தது. அந்த முறை அவள் பின்னால் யாரென்று கேட்கவில்லை. என் வலக் கையைப் பார்த்தாள். "உன் கையில என்னமோ இருக்குடி," என்றாள். அவள் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டதே கிடையாது. நான் கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினேன், மூன்று தரம் கழுவினேன். ஜின் பேசுகிறது என்றாள் உம்மா. நானும் அப்படித்தான் நம்பினேன், டீச்சர் என்று பேர்.

நான்காவது பௌர்ணமிக்கு மச்சானுக்குக் கந்தோர் வேலை, வர முடியவில்லை. நாங்கள் மூன்று பேரும் பகல் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணியானது, மூன்றானது. நாலரை ரயில் கூவிக்கொண்டு போனது. ராத்தா பிடரியைத் தடவிப் பார்த்தாள். "வரல்ல," என்றாள். "வரல்ல தங்கச்சி!" உம்மா நெற்றி நிலத்தில் பட சுஜூதில் விழுந்தாள். நான் ராத்தாவின் வளையலைத் திரும்ப அவள் கையில் போட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து, தேய்பிறையில், மச்சான் அவசர லீவு போட்டு வந்தார், மடியில் சட்டியோடு. மறுநாள் பகல் ராத்தா பிடரியைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள்.

வானத்தில் நிலா என்று சொல்ல ஒன்றுமே இல்லை. எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் பிடித்தது. லெப்பை வந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "சந்திரனோட வரல்ல. ஆளோட வருது. கடல் பக்கத்தில இருந்து வருது," என்றார். உம்மா மச்சானின் செருப்புக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான்கு மாதத்துக் கணக்கு எங்களுக்குப் பொருந்திவிட்டது. அவர் வந்தால் வருகிறது, வராவிட்டால் இல்லை.

கடிதத்தை நான்தான் எழுதினேன். உம்மா சொல்லச் சொல்ல எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்; உம்மா சொன்னதைவிட நறுக்கென்று எழுதினேன். நீங்கள் இந்த வீட்டுப் படி ஏறினால் ராத்தா உயிரோடு இருக்கமாட்டா, கொஞ்ச காலத்துக்கு வராதீர்கள். பதில் இல்லை. ராத்தாவுக்கு நாங்கள் சொல்லவில்லை. இரண்டு பௌர்ணமிகள் ஒன்றும் வராமல் கழிந்தன. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்களுக்கு நான் வேண்டாமாப் போச்சா?" என்று ஒருநாள் கேட்டாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மூன்றாவது மாதம் ஸ்டேசனிலிருந்து ஆள் வந்தது, பார்சல் ஒன்று கிடக்கிறது என்று. போய் எடுத்தேன். வாய்க்குத் துணி கட்டிய சட்டி, வழக்கத்தைவிடப் பெரியது. துணிக்குள் ஒரு துண்டுக் கடதாசி: "நான் வரவில்லை. அவளுக்குப் பிடித்ததை மட்டும் அனுப்பியிருக்கிறேன்."

ராத்தா அந்தத் துண்டை வாசித்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "கோபம் இல்ல பாரு அவங்களுக்கு," என்றாள். பௌர்ணமியும் இல்லை, மச்சானும் இல்லை. பயப்பட ஒன்றுமே இல்லாத நாள். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. நான் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தேன். உம்மாவும் நானும் ஆளுக்கொரு துண்டு பேருக்கு எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அவள் பக்கம் தள்ளினோம். மச்சான் அனுப்பியது என்று ஒன்று மிச்சம் விடாமல் சாப்பிட்டாள்.

இரண்டு மணிக்கு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன். சிரித்த வாயின் ஒரு பக்கம் மட்டும் கீழே இறங்கியது. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. "ராத்தா!" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள், சத்தம் வரவில்லை.

விழுந்த கோப்பையைப் பார்த்தேன். சகனைப் பார்த்தேன். மூலையில் அந்தச் சட்டி. வலி வந்த நாளெல்லாம் வீட்டுக்குள் வந்தது அதுதான். அலுமாரியைத் திறந்தேன். உப்பில் ஊறப்போட்ட ஹெரிங். என் கையெழுத்தில் பக்கத்தில் 'சீமை மீன்' என்று எழுதி, ஒரு கோடு போட்டு, அந்த வரியை அடித்துவிட்டிருந்தேன்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளவில்லை, கண்டிக்கு அனுப்பினார்கள். அந்த டொக்டர் வந்தார். சீஸ் சாப்பிட்டார்களா என்றுதான் முதலில் கேட்டார். "ஜாடி," என்றேன். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜாடியா?" என்றார். "எங்க அம்மாவும் போடுவாங்க."

நாள்பட்டுப் புளித்து ஊறிய சாப்பாட்டில் இருக்கும் ஒன்றை நம் உடம்பு தானாகவே அழித்துவிடுமாம். இந்த மாத்திரை அந்த வேலையைத் தடுத்துவிடுமாம். அதனால் எங்களுக்கு ஒன்றும் செய்யாத மீன் ராத்தாவுக்கு மட்டும் இரத்தத்தை மண்டைக்கு ஏற்றியிருக்கிறது. கடைசியில் மண்டைக்குள் இரத்தக் குழாய் ஒன்று வெடித்துவிட்டது. "புத்தகத்தில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதினேன்," என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் எழுதியது சரிதான். வாசித்தவள் நான்.

லெப்பையை நான் எவ்வளவு நையாண்டி பண்ணினேன்! மாத்திரையை நிறுத்து என்றார், கடலிலிருந்து வருகிறது என்றார். அவர் சொன்னதையாவது கேட்டிருக்கலாம். மாத்திரையும் என் கையால்தான் போனது, மீனும் என் கையால்தான் போனது. ராத்தா ஒருத்திதான் அதைச் சரியாகக் கண்டவள்.

மச்சான் தந்தி கிடைத்து ஓடி வந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமா?" என்று என்னிடம் கேட்டார். நான் குனிந்து அந்தச் செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன். பிறகு இங்கேயே வேலை மாற்றம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ராத்தா பிழைத்தாள். வலது கையும் காலும் வரவில்லை. மாத்திரையை இனிக் கொடுக்கவே முடியாது என்றுவிட்டார் டொக்டர். அவள் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேச்சு வரவில்லையா, பேச மனம் வரவில்லையா என்று டொக்டரிடம் கேட்டேன். அதைச் சொல்ல வழியில்லை என்றார்.

இப்போது அவளுக்குச் சகன் கிடையாது, தனித் தட்டு. நான்தான் ஊட்டுகிறேன். ஒவ்வொரு கவளத்துக்கும் முதலில் என் கையைப் பார்ப்பாள். அதே கையால் நான் ஒரு வாய் தின்று காட்டினால்தான் வாயைத் திறப்பாள்.

நான் அவளுக்கு வைக்கும் கறியில் வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் போடுகிறேன். சில நாள் போடுவதே இல்லை. உம்மா வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள், அவளுக்குத் தெரியும். ராத்தா மெல்லுகிறாள். நான் கவளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். அவள் விழுங்கிவிட்டு, என் கையைப் பார்க்கிறாள்.